தூரிகை முதல் டிஜிட்டல் பேனா வரை: ஓவியரின் கூலியும் பெயரும்

நம் சமுதாயத்து இளைஞர்கள் பலர் இன்று கணினித் திரையில் ஓவியம் வரைந்து பொருளீட்டுகின்றனர். பாடநூல், சிறுவர் கதை, நூலட்டை எனப் பல துறைகளில் அவர்களுக்குப் பணி உண்டு. "இது நமக்குரிய தொழில்தானா?" என்ற வினா அவர்களையும் அவர்தம் பெற்றோரையும் வாட்டுகிறது. இவ்வினா புதியதன்று; ஸஹாபாக்களின் காலத்திலேயே எழுந்ததாகும்.

உருவங்கள் செய்வதையே கைத்தொழிலாகக் கொண்ட ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து தம் நிலையை எடுத்துரைத்தார். உருவம் சமைப்போர் குறித்து நபி (ஸல்) அவர்கள் விடுத்த எச்சரிக்கையைக் கேட்டதும் அம்மனிதர் பெருமூச்செறிந்தார். அவர் முகம் வெளிறிப்போயிற்று. செய்தே ஆகவேண்டுமெனில் மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவருக்கு வழிகாட்டினார்கள். ஸஹீஹுல் புகாரியில் இடம்பெறும் இச்செய்தியில் எச்சரிக்கை மறைக்கப்படவில்லை. அதே வேளையில் அவரது பிழைப்புக்கும் வழி காட்டப்பட்டது.

உயிருள்ளவற்றை வரைவது பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பலர் தடுக்கின்றனர்; நிழல் விழாத தட்டையான ஓவியங்களுக்கு இடமளித்தோரும் உளர். வரலாறு அதற்குத் தீர்ப்பு வழங்கிவிடாது. ஆயினும், நூலுக்குப் படம் வரைதல் முஸ்லிம்களிடையே அறிவுக்குத் துணையாக வளர்ந்தது என்பதை அது காட்டுகிறது.

10ஆம் நூற்றாண்டில் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி இயற்றிய வானியல் நூலில் 48 விண்மீன் கூட்டங்கள் இடம்பெற்றன. ஒவ்வொன்றும் வானில் தெரிவது போலவும், வானக் கோளத்தின் மீது தெரிவது போலவும் இருமுறை வரையப்பட்டது. 1206இல் அல்ஜஸரி நிறைவுசெய்த இயந்திர நூலில், படத்தின் உறுப்புகளுக்கு எழுத்துக் குறிகள் இட்டு, அவற்றைக் கொண்டே இயக்கம் விளக்கப்பட்டது. சுல்தான் சுலைமானின் இராக் படையெடுப்பு வழியில் அமைந்த நகரங்களை, உஸ்மானிய அறிஞர் மத்ரக்ஜி நஸூஹ் 1537இல் நூலாக்கினார். மாளிகைகளும் பாலங்களும் மதில்களும் நிறைந்த அப்படங்களில் மனித உருவமே இல்லை.

இத்தொழில் கூலியும் மதிப்பும் பெற்றதற்கு அக்பரின் ஓவியக்கூடம் சான்றாகும். அங்கு வாரந்தோறும் ஓவியங்கள் அரசர் முன் வைக்கப்பட்டன. தரத்திற்கேற்பப் பரிசோ மாத ஊதிய உயர்வோ கிடைத்தது என அபுல் ஃபஸ்ல் பதிவுசெய்கிறார். ஒரே ஓவியத்தில் ஒருவர் அமைப்பை வரைய, மற்றொருவர் வண்ணம் தீட்ட, வேறொருவர் முகங்களை நிறைவுசெய்வதும் உண்டு. எழுத்தர்கள் அவரவர் பெயரை ஓரத்தில் குறித்தனர்.

பின்னாளில் கருவி மாறியது. 1963இல் ஐவன் சதர்லேண்ட் ஒளிப்பேனாவால் கணினித் திரையில் வரைந்து காட்டினார். 1990இல் ஃபோட்டோஷாப் வெளிவந்தது; 1994இல் அதில் லேயர் எனும் அடுக்கு வசதி சேர்ந்தது. அடியில் கோட்டு வரைவு, அதன்மேல் நிறம், அதற்கும் மேல் ஒளியும் நிழலும் எனத் தனித்தனியே வைத்துத் திருத்த இயன்றது. அன்று மூவர் பகிர்ந்த வேலையை இன்று ஒருவரே அடுக்கடுக்காகச் செய்கிறார். கையழுத்தத்திற்கேற்ப டிஜிட்டல் பேனாவின் கோடு தடிக்கும், மெலியும். ஆனால் எங்கே அழுத்துவது என்பதைக் கைதான் அறியும். அதற்குப் பல்லாண்டுப் பயிற்சி வேண்டும்.

"பொத்தானை அழுத்தினால் படம் வந்துவிடும்" என எண்ணுவோர் இதை உணர்வதில்லை. மதரஸா ஆண்டு மலருக்கும் நிகழ்ச்சி அழைப்பிதழுக்கும் இலவசமாக வரைந்து தரக் கேட்கின்றனர். வரைந்தவர் பெயரையும் இடுவதில்லை. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கப் பணித்த மார்க்கம் நம்முடையது. விரல் நோக, கண் எரிய இரவெல்லாம் திரைமுன் அமர்ந்தவரின் உழைப்பும் உழைப்பே.

எதை வரையலாம் என அறிஞரிடம் கேட்டுத் தெளிவதும், பிறர் படைப்பைத் தமதெனக் காட்டாதிருப்பதும் ஓவியரின் கடமை. வேலைக்கு முன்பே கூலியைப் பேசி, உரிய காலத்தில் கொடுத்து, பெயரையும் அச்சிடுவது நம் கடமை. ஹலாலான உழைப்பில் அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு பரக்கத் அருள்வானாக! ஆமீன்.