நொத்தேரும் பூட்டுப் படமும்

புதுச்சேரிக்காரர்களுக்கு நொத்தேர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. பத்திரத்தின் மூலத்தைத் தாமே வைத்துக்கொண்டு, முத்திரையிட்ட நகலை நம் கையில் கொடுப்பவர். "நகல் தொலைந்தால் போகட்டும், நொத்தேரிடம் மூலம் இருக்கிறது" என்பார் என் அப்பா.

நெதர்லாந்திலும் நெப்போலியன் காலத்திலிருந்து இதே முறைதான். அங்கே 1998ல், நொத்தேர்களின் சங்கமும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் டிஜிநோட்டார். பத்திரத்துக்குப் பதில் இணையதளங்களுக்குச் சான்று கொடுப்பது அதன் தொழில். இணைய முகவரியின் பக்கத்தில் ஒரு சின்னப் பூட்டுப் படம் பார்த்திருப்பீர்கள். இது அந்த முகவரிக்கு உரிய தளம்தான் என்று இத்தகைய நிறுவனம் ஒன்று உறுதி சொன்னதற்கு அதுதான் அடையாளம். இப்படிப்பட்ட நிறுவனங்கள் உலகில் நிறைய உண்டு. அவற்றில் எது வேண்டுமானாலும் எந்தத் தளத்துக்கும் சான்று கொடுக்கலாம். நம் கணினி மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும். கோளாறு அங்கேதான். காரைக்கால் வீட்டுக்கு ஏதோ ஊர் நொத்தேர் பத்திரம் எழுதினால் நாம் சும்மா இருப்போமா?

டிஜிநோட்டாரின் கணினிகளுக்குள் புகுந்திருந்த யாரோ 2011 ஜூலையில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட போலிச் சான்றுகளைத் தயாரித்துவிட்டார்கள். அதில் ஒன்று கூகுளின் பெயரில். அதே மாதத்தில் நிறுவனத்துக்கு விஷயம் தெரிந்துவிட்டது, ஆனால் வெளியே சொல்லவில்லை. அலுவலக முத்திரையை மேசைமேல் போட்டுவிட்டு டீ குடிக்கப் போன அதிகாரிகளை நானும் பார்த்திருக்கிறேன். முத்திரை காணாமல் போனதை மறைத்தவரைப் பார்த்ததில்லை.

அந்தப் போலிச் சான்றால் ஏமாந்தவர்கள் ஈரானியர்கள். ஏறக்குறைய மூன்று லட்சம் இணைய இணைப்புகள். ஜிமெயில் என்று நம்பி அவர்கள் திறந்த பக்கத்தின் நடுவே வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். அரசை விமர்சித்து எழுதினால் சிறைக்குப் போகிற நாட்டில் ஒருவர் கடிதத்தை இன்னொருவர் படிப்பது சின்ன விஷயமா? கூகுள் தளங்களுக்கான சரியான சான்று விவரம் குரோம் உலாவிக்குள்ளேயே எழுதப்பட்டிருந்ததால், ஆகஸ்ட் கடைசியில் ஓர் ஈரானியருக்கு எச்சரிக்கை வந்தது. அவர் வெளியே சொன்னார். டச்சு அரசின் தளங்களும் இதே நிறுவனத்தின் சான்றில் ஓடியதால், நள்ளிரவு தாண்டி அமைச்சர் பத்திரிகையாளர்களை அழைத்துப் பேச வேண்டியதாயிற்று. செப்டம்பர் 20ல் நிறுவனம் திவால்.

அதன் பிறகு வந்த ஏற்பாடு எனக்குப் பிடித்தது. கொடுக்கிற சான்றையெல்லாம் பொதுப் பேரேடுகளில் பதிய வேண்டும், பதிந்ததை அழிக்க முடியாது, யாரும் பார்க்கலாம். 2013ல் இதன் விதிகள் வெளிவந்தன. 2018 முதல், புதிதாகக் கொடுக்கும் சான்று பேரேட்டில் இல்லையென்றால் குரோம் ஏற்பதில்லை. நம்முடைய வில்லங்கச் சான்று மாதிரிதான். ஆனால் அதைப் போலவே, இதுவும் மோசடியைத் தடுக்காது, காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். கூகுளுக்குப் பேரேட்டைப் பார்க்க ஆள் இருக்கிறது. நேரு வீதியில் துணிக்கடை வைத்திருப்பவர், தன் கடைப் பெயரில் யாராவது சான்று வாங்கியிருக்கிறார்களா என்று என்றைக்குப் பார்க்கப்போகிறார்?