சுற்றறிக்கை: கைமாறி வந்த சொல்

பல்கலைக்கழக வளாகத்தில் அன்றாடம் எத்தனையோ தாள்கள் நடமாடுகின்றன. தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள் எது, அபராதத்தோடு கட்ட எதுவரை அவகாசம், உதவித்தொகைக்கு யாரெல்லாம் விண்ணப்பிக்கலாம், ஆசிரியர்கள் விடுப்புக்கு யாரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் அவை சொல்லும். பேச்சில் எல்லாமே ‘சர்க்குலர்’தான். எழுத்தில் ‘சுற்றறிக்கை’. ஆணை, அறிவிப்பு, அறிவிக்கை என்று எத்தனையோ சொற்கள் அலுவலகத் தமிழில் இருக்கின்றன. அந்தத் தாள் எப்படிப் பயணப்பட வேண்டும் என்பதையும் தன் பெயரிலேயே வைத்திருப்பது சுற்றறிக்கை ஒன்றுதான். அதனால்தான் இந்தச் சொல்லின் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

‘சுற்று’ பழைய சொல். நம்மைச் சூழ்ந்து நிற்பவர்கள் சுற்றம். கோயிலில் கருவறையைச் சூழ்ந்திருப்பது திருச்சுற்று. தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகையை இராசராசனின் படைத்தலைவன் கிருஷ்ணன் ராமன் எடுப்பித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. பிரகாரத்தில் பாதி நடந்துவிட்டுத் திரும்பியவரைச் ‘சுற்றி வந்தார்’ என்று யாரும் சொல்வதில்லை. புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால்தான் சுற்று.

‘அறிக்கை’யின் கதை இன்னும் நுட்பமானது. வருகை, சேர்க்கை, கோரிக்கை, கொள்கை என்று கல்லூரியில் புழங்கும் பாதிச் சொற்கள் இதே ‘கை’ ஈற்றில்தான் முடிகின்றன. பிறருக்குத் தெரியப்படுத்துவது ‘அறிவி’ என்ற பிறவினை. அதிலிருந்து அறிவிப்பும் அறிவிக்கையும் வந்தன. அறிக்கையோ ‘அறி’ என்ற தன்வினையை ஒட்டி நிற்கிறது. கிறித்தவத் தமிழில் அறிக்கையிடுதல் என்றால் ஒருவர் தம் பாவத்தையோ விசுவாசத்தையோ வாய்விட்டு ஒப்புக்கொள்வது. தேர்தல் அறிக்கையும் நிதிநிலை அறிக்கையும் பிற்காலத்து வழக்கு. ஆக, சொல்லைப் பிரித்து வைத்துப் பார்த்தால், அனுப்புகிறவரின் வேலையைவிடப் பெறுகிறவரின் அறிதல்தான் அதில் முன்னால் நிற்கிறது.

ஆங்கிலத்தில் ‘சர்க்குலர்’ முதலில் கடிதத்துக்கு அடைமொழியாக இருந்து பிறகு தனிச்சொல்லானது. பொதுக் காரியம் ஒன்றில் பங்குள்ள பலருக்கும் எழுதப்படுவது அத்தகைய கடிதம் என்று சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதி பொருள் சொல்கிறது. நாம் அந்த வட்டத்தை எடுத்துக்கொண்டோம். ஆனால் ஓலை சுற்றி வருவதை அறிய நமக்கு வெள்ளைக்காரர் வர வேண்டியிருக்கவில்லை. ஆனைமங்கலச் செப்பேட்டைப் பாருங்கள். அது நெடுங்காலம் லெய்டன் பல்கலைக்கழகத்தில் இருந்ததால் லெய்டன் செப்பேடு என்றே பெயர் பெற்றது. நாகப்பட்டினத்துச் சூளாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுக்க இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் வாயால் ஆணையிடுகிறான். திருமந்திர ஓலை எழுதுகிற அதிகாரி அதை எழுதுகிறார், மேலதிகாரிகள் சரிபார்க்கிறார்கள், வரிக்கணக்கில் பதிகிறார்கள். பிறகு அது திருமுகமாக நாட்டாரிடம் போகிறது. நாட்டார் எதிரே எழுந்து சென்று தொழுது வாங்கித் தலையில் வைத்துக்கொள்கிறார்கள். அதோடு காரியம் முடிந்துவிடவில்லை. பிடியானையை நடத்தி ஊரெல்லையைச் சுற்றி வந்து, கல்லும் கள்ளியும் நட்ட பிறகுதான் ஆணை நிறைவேறுகிறது. ‘சுற்றறிக்கை’ என்ற சொல் அங்கே இல்லை. சொல்லுக்குரிய செயல் முழுவதும் இருக்கிறது.

பின்னால் வந்த அரசுகளின் காலத்தில் அலுவலகத் தமிழில் வேறு சொற்கள் குடியேறின. மேலிடத்து உத்தரவுக்குத் ‘தாக்கீது’ என்று பெயர். வலியுறுத்தல் என்ற பொருளுள்ள அரபுச் சொல் இந்துஸ்தானி வழியாக இங்கே வந்து சேர்ந்தது அது. 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேச்சோ ஆங்கிலத்தில் இருந்தது. லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாகக் கொண்ட அது தொடக்கத்தில் பாடம் நடத்தவில்லை. இணைந்த கல்லூரிகளுக்குத் தேர்வு வைத்துப் பட்டம் கொடுத்தது. தொலைதூரக் கல்லூரி ஒன்றில் படித்த பையனுக்குப் பல்கலைக்கழகம் என்பது தபாலில் வந்து சேரும் தாள்தான். தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956இல் நிறைவேறி, ஆட்சிச் சொல்லகராதி தயாரான பிறகு, சுற்றறிக்கை அரசு அலுவலகங்களில் உறுதியாக உட்கார்ந்தது. கல்லூரிகளுக்கும் அங்கிருந்தே பரவியது.

கல்லூரிகளில் அதற்கு ஒரு உடம்பும் கிடைத்தது: சுற்றறிக்கைப் பதிவேடு. நீளமான கணக்கு நோட்டு, தடித்த அட்டை, மூலைகள் மடங்கிக் கறுத்திருக்கும். இடப்பக்கத்தில் முதல்வர் கையொப்பமிட்ட தாள் ஒட்டியிருக்கும், வலப்பக்கத்தில் ஆசிரியர்களின் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கையொப்பத்துக்கு இடம். அலுவலக உதவியாளர் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போவார். வாசலில் நின்று “சார், சர்க்குலர்” என்பார். பாடம் நிற்கும். ஆசிரியர் வாங்கி உரக்கப் படிப்பார். கடைசி வரிசையிலிருந்து “தேதி என்ன சார்?” என்று குரல் வரும், மறுபடி படிப்பார். கையொப்பமிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுப்பார். யாராவது விடுப்பில் இருந்தால் அந்த ஒரு பெயருக்காக மறுநாளும் நோட்டு துறைக்கு வரும். எல்லாப் பெயர்களுக்கும் எதிரே மை விழுந்த பிறகுதான் அது முதல்வர் அறைக்குத் திரும்பும். சொல் கேட்ட சுற்று அங்கே ஒரு குறையும் இல்லாமல் நிறைவேறியது. இன்று பிடிஎஃப் கோப்பு வாட்ஸ்அப் குழுவில் விழுகிறது. வேகம் பெரிது, மறுப்பதற்கில்லை. ஆனால் நூற்றுக்கணக்கான செய்திகளுக்கு அடியில் அது புதைந்துபோனால் தேடிப் போய்க் கையில் கொடுக்க யாரும் இல்லை. அனுப்பிவிட்டோம் என்பதே போதும் என்றாகிவிட்டது. எனக்கு இது பெரிய இழப்பாகத் தோன்றுகிறது.

இலங்கைத் தமிழில் இந்தச் சொல்லுக்கு ஒரு உடன்பிறப்பு உண்டு. அங்கே சுற்றறிக்கையும் வழங்குகிறது, ‘சுற்றுநிருபம்’ என்பதும் வழங்குகிறது. கல்வி அமைச்சின் சுற்றுநிருபம் என்றால் யாழ்ப்பாணத்தில் எந்த ஆசிரியருக்கும் விளக்கம் தேவைப்படாது. நிருபம் என்பது மேலோர் எழுதி அனுப்பும் கடிதம், கட்டளை. கடிதம் எழுதி அனுப்புகிறவர் என்ற பொருளில்தான் செய்தியாளர் ‘நிருபர்’ ஆனார். தமிழ் பைபிளில் பவுல் ரோமருக்கும் கொரிந்தியருக்கும் எழுதியவை நிருபங்கள். கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தின் முடிவில், இதை உங்களிடையே வாசித்த பிறகு லவோதிக்கேயா சபையிலும் வாசிக்கச் செய்யுங்கள் என்று பவுல் கேட்டுக்கொள்கிறார். சுற்றுநிருபத்துக்கு இதைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரியவில்லை. போப்பாண்டவர் உலகத் திருச்சபைக்கு எழுதுவதைத் தமிழ்க் கத்தோலிக்கர் ‘சுற்றுமடல்’ என்கிறார்கள். அறிக்கை, நிருபம், மடல் என்று பின்பாதி மாறினாலும் சுற்று மட்டும் நகரவில்லை.

அந்தச் சுற்று அறுந்தால் உயிருக்கே கேடு வரும் இடமும் வளாகத்தில் இருக்கிறது. நாம் ராகிங் என்பதை இலங்கையில் பகிடிவதை என்கிறார்கள். தமிழ்நாட்டில் அதைத் தடைசெய்யும் சட்டம் 1997இல் வந்தது, இலங்கையில் 1998இல். இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் தனி விதிமுறைகளே வெளியிட்டது. ஆண்டுதோறும் இதுபற்றிய சுற்றறிக்கை எல்லாக் கல்லூரிகளுக்கும் போகிறது. மாணவரும் பெற்றோரும் உறுதிமொழி தர வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். அதே விதிமுறைகளில் இன்னொன்றும் இருக்கிறது: புதிதாகச் சேரும் ஒவ்வொரு மாணவருக்கும், எந்த உதவிக்கு யாரை நாடலாம் என்று முகவரியும் தொலைபேசி எண்ணும் அச்சிட்ட தாளைக் கொடுக்க வேண்டும். பலகையில் ஒட்டிவிட்டால் போதாது, ஒவ்வொருவர் கைக்கும் போக வேண்டும். வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பெண்ணுக்கு அந்தத் தாள் தமிழிலும் கிடைக்க வேண்டும். விடுதிக் காப்பாளர் மாறினால் புதிய எண்ணை அச்சிட்டு மறுபடியும் ஒரு சுற்று அனுப்ப வேண்டும். கலந்தாய்வில் கடைசியாக இடம் கிடைத்து, வகுப்பு தொடங்கிச் சில வாரம் கழித்துச் சேர்ந்த பையன் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று அலுவலகத்தில் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.