மலாக்காவை விட்டுப் போன இரயில்

மலாக்கா என்றவுடன் பரமேசுவரனும் போர்ச்சுகீசியர் கோட்டையும் ஞாபகத்துக்கு வருவது இயல்பு. 2008-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ சபை இந்நகரை உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்ட பின்னர் யாத்திரிகர் கூட்டமும் பெருகிவிட்டது. கோட்டை வாசலில் நின்று படம் பிடித்துக்கொள்ளும் அன்பர்களுள் எவரேனும், இவ்வளவு பெயர்பெற்ற பட்டணத்துக்கு இரயில் இல்லாத காரணம் யாதென்று கேட்டதுண்டா? கேட்டிருப்பின், ஒரு காலத்தில் இருந்தது என்பதே விடை.

1905-ஆம் ஆண்டில், தம்பினிலிருந்து அலோர் காஜா வழியாக மலாக்கா வரை ஏறக்குறைய 21 மைல் நீளமுள்ள கிளைப்பாதை திறக்கப்பட்டது. மலாக்கா அப்பொழுது சிங்கப்பூரையும் பினாங்கையும் போல நீரிணைக் குடியேற்றங்களைச் சேர்ந்தது. இரயிலை நடத்தியதோ கூட்டு மலாய் நாடுகளின் இரயில்வே. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னரே, 1896-இல், டான் சே யான் என்னும் சீனப் பிரமுகர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டிருந்தார். வியாபாரத்துக்கென்று இந்நாட்டில் நடப்பட்ட முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே என்பர். பால்மரம் பெருகப் பெருகக் காடு குறைந்தது. தமிழகத்திலிருந்து ஆட்கள் கப்பல் கப்பலாக வந்தனர். தோட்டத்தில் பால் வெட்டியவரும் தமிழர். இரயில் பாதையில் கல் கொட்டிக் கட்டை பதித்தவருள்ளும் தமிழர் மிகப் பலர். நிலையங்களில் மேசைக்குப் பின் அமர்ந்தவர்களுள் யாழ்ப்பாணத்தார் பலர். துரைமார் நம்மை உத்தேசித்துப் போட்ட பாதையன்று அது. ஆயினும் மூன்றாம் வகுப்புச் சீட்டு வாங்கக் காசு இருந்தால் தோட்டத்துக்காரனுக்கும் அதில் இடம் இருந்தது.

பின்னர் யுத்தம் வந்தது. சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் பாதை போட ஜப்பானியர் 1942-இல் முற்பட்டனர். 1943 அக்டோபரில் அது முடிந்தது. அவ்வளவு நீளத்துக்கு இரும்பு எங்கே? மலாயாவிலிருந்த பாதைகளைப் பெயர்த்தனர். கிழக்குக் கரைப் பாதையின் பெரும்பகுதி போயிற்று. மலாக்காக் கிளைப்பாதையும் போயிற்று. ஆட்கள் எங்கே? அவர்களையும் தோட்டங்களிலிருந்தே பெயர்த்தனர். மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டோர் ஏறக்குறைய 75,000 பேர் எனக் கணக்கிடுவர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தமிழர். காலராவிலும் பட்டினியிலும் மாண்டோர் பல்லாயிரவர். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லித் தம் தமையனாரை அழைத்துச் சென்றதாக எம் பாட்டியார் சொல்லுவார். அவர் திரும்பவில்லை. நம் மண்ணின் தண்டவாளமும் நம் வீட்டு மனிதரும் ஒரே திசையிற் சென்று ஒரே காட்டில் கிடந்தனர் என்று நினைக்கையில், சரித்திரப் புத்தகத்தை மூடிவைத்துவிடத் தோன்றுகிறது.

யுத்தம் முடிந்தது. கிழக்குக் கரைப் பாதை மீண்டும் போடப்பட்டு 1954-இல் முழுமையாக ஓடத் தொடங்கியது. மலாக்காப் பாதையோ போடப்படவே இல்லை. ஏன்? கிளந்தானில் உட்பகுதிக்குச் சாலை இல்லை. மலாக்காவிலோ நல்ல சாலைகள் உண்டு, பஸ் உண்டு, லாரி உண்டு. 21 மைலுக்கு இரயில் எதற்கு என்று அன்று எண்ணியிருப்பின், அக்கணக்கை முற்றும் பிழையென்று நாம் சொல்லமாட்டோம். நாமும் கிராணி வேலை பார்ப்பவரே. வரவு செலவு தெரியாதவர் அல்லர்.

ஆனால் அக்கணக்கில் ஒரு பத்தி விடுபட்டுப்போயிற்று. இரயில் தன் பாதையை விட்டு நகராது. பஸ்ஸோ இலாபமுள்ள இடத்துக்கு நகர்ந்துவிடும். 1985-இல் தேசியக் கார் வந்தது. காரும் மோட்டார் சைக்கிளும் பெருகவே பஸ்ஸில் ஏறுவோர் குறைந்தனர். ஆள் குறையவே நடைகள் குறைந்தன. நடை குறைந்தமையால் எஞ்சியவரும் கடன்பட்டு மோட்டார் சைக்கிள் வாங்கினர். வாங்க இயலாதவர் யார்? வயோதிகர், பள்ளிப் பிள்ளைகள், புருஷனை இழந்த ஸ்திரீகள். பஸ் நிற்பதோ பெரிய சாலை முச்சந்தியில். அங்கிருந்து லயத்துக்குச் செம்பனை நடுவே செம்மண் சாலையில் நடக்கவேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போக வாடகைக் கார் பிடித்து ஒரு நாட் கூலியைத் தொலைத்தவர்கள் எமது செக்ரோலிலேயே பலர்.

இடையே நூதனங்களுக்குக் குறைவில்லை. 2010-இல் மலாக்கா ஆற்றங்கரையில் ஒற்றைத் தண்டவாள இரயில் ஒன்றைத் திறந்தனர். யாத்திரிகர் வேடிக்கை பார்ப்பதற்கானது அது. திறந்த மறுநாளே நின்றுபோயிற்று! 2016-இல் சிங்கப்பூருடன் அதிவேக இரயில் ஒப்பந்தம் ஏற்பட்டு, ஆயர் குரோவில் ஒரு நிலையம் அமையும் என்றனர். 2020-ஆம் ஆண்டு முடிவில் அவ்வொப்பந்தமும் காலாவதியாயிற்று.

மின்சார இரட்டைப் பாதை மட்டும் 2013-இல் சிரம்பானிலிருந்து கிம்மாஸ் வரை வந்து சேர்ந்தது. பழைய கிளைப்பாதை பிரிந்த வட்டாரத்திலேயே, மலாக்கா மாநில எல்லைக்குட்பட்ட புலாவ் செபாங்கில், இன்று அழகான நிலையம் நிற்கிறது. சென்ற ஆண்டு ஒரு மாலையில் கோலாலம்பூரிலிருந்து வந்து அங்கே இறங்கினோம். எம்மோடு இறங்கிய ஒரு முதியவர், "தம்பி, மலாக்கா பஸ் போயிருச்சா?" என்று கேட்டார். பக்கத்தில் அவர் மனைவியார், மடியில் பை. நாமும் அறியோம். அரை மணி நேரம் மூவரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பின்னர் அவர்கள் மகன் மோட்டார் சைக்கிளில் வந்து, முதலில் தாயாரை ஏற்றிக்கொண்டு போனார். தந்தையார், அவர் திரும்பி வரும்வரை, பையை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.