கடைசல்

தயிர் கடைவதற்கும் கட்டில் கால் கடைவதற்கும் தமிழில் வினை ஒன்றே. மலையாளத்திலும் அப்படித்தான். கருவியைப் பார்த்தால் காரணம் விளங்கும். மத்தில் சுற்றிய கயிற்றை மாறி மாறி இழுக்க, மத்து முன்னும் பின்னும் சுழலும். பழைய கடைசல் பட்டறையிலும் கட்டையில் கயிற்றைச் சுற்றி ஒருவர் இழுப்பார், இன்னொருவர் உளி பிடிப்பார். கட்டை உளியை எதிர்த்துச் சுழலும்போதுதான் சீவல் உதிரும். மறுசுற்றில் உளி சும்மா இருக்கும். தீக்கடைகோலுக்கும் இதே அசைவுதான்.

'கடைசல் பிடித்தல்' என்பது தொழில் வழக்கு. அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான், நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் செய்யும் நாகசுரம், பம்பரம், தொட்டில் கால் எல்லாம் கடைசல் வேலை. மோட்டார் வந்து, கட்டை ஒரே திசையில் ஓடத் தொடங்கிவிட்டது; கருவியின் பெயரும் 'லேத்' ஆயிற்று. ஆனாலும் லேத்தில் கொடுத்துக் 'கடைந்துதான்' வாங்குகிறோம்.

கடைசலில் வட்டம்தான் வரும். உருவம் வராது என்றே தோன்றும். பேலூரில் ஹொய்சளர் 1117இல் எழுப்பிய கோயிலில் தூண்களைக் கடைந்தார்கள். ஆனால் தூண்மேல் நிற்கும் மதனிகைகள் என்னும் பெண் சிற்பங்களைச் சிற்றுளியால்தான் செதுக்கினார்கள். கனடாவில் ஸ்டீபன் ஹாக்பின் என்னும் கலைஞர் 1970களில் வட்டம் என்னும் அந்த எல்லையைத் தாண்டினார். கடைந்ததை அறுத்து, துண்டுகளைத் திருப்பிச் சேர்த்து, வட்டமல்லாத சிற்பங்களைப் படைத்தார்.

எனக்கு அதைவிட வியப்பு ஜெர்மனியின் சைஃபன் ஊர். வெள்ளீயச் சுரங்கங்கள் நொடிந்தபின் மரப் பொம்மைக்கு மாறிய மலையூர் அது. அங்கே ஈரமான ஸ்ப்ரூஸ் மரத்தைப் பெரிய வளையமாகக் கடைகிறார்கள். ஒரு முகத்தில் பள்ளமும் மேடுமாக உளி இறங்கும். பிறகு திருப்பி மறு முகம். பார்ப்பவருக்கு அது வரிவரியான வளையம் மட்டுமே. கத்தி வைத்துக் குறுக்கே பிளந்தால், வெட்டுமுகத்தில் யானை நிற்கும்! அடுத்த துண்டிலும் யானை. உள்ளே இருக்கும் அந்த உருவத்தைக் கடையும்போது கடைபவர் பார்ப்பதில்லை. கை அறிந்தே உளி போகிறது. தயிருக்குள் இருந்த வெண்ணெயை எடுப்பதைக் 'கடைந்தெடுத்தல்' என்கிறோமே, அந்த 'எடுத்தல்' இந்த வேலைக்கு அப்படியே பொருந்துகிறது. துண்டுகளின் கூரிய ஓரங்களைக் கத்தியால் மழித்து, காதும் தந்தமும் ஒட்டி, வண்ணம் தீட்டுவது அதன் பிறகு.