தாராவி நிலமும் ஜெரால்ட் ஆஞ்சியரின் உடன்படிக்கையும்

பதினேழாம் நூற்றாண்டு ஆங்கில நிலக்கிழார் குடும்பங்களில் குடிப்பெயரும் நிலமும் மூத்த மகனைச் சேர்ந்தன; இளையவர்கள் வேறு வழி தேடினர். ஜெரால்ட் ஆஞ்சியர் அத்தகைய இளையவர். அண்ணன் பிரான்சிஸ் ஆஞ்சியர் லாங்ஃபோர்டு பிரபுவாகி, டப்ளின் நகரில் இன்றும் குடும்பப் பெயர் தாங்கி நிற்கும் ஆஞ்சியர் தெருவை அமைத்தார். தம்பி கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்து சூரத் வந்தார். 1669இல் சூரத் தலைவராகவும் பம்பாய் ஆளுநராகவும் ஆனார்.

அவர் பொறுப்பேற்ற பம்பாயில் நில உரிமையே பெருஞ்சிக்கலாக இருந்தது. 1661ஆம் ஆண்டுத் திருமண ஒப்பந்தத்தின்படி போர்ச்சுகல் அத்தீவை இரண்டாம் சார்லஸுக்கு அளித்தது. 1665இல் அதைப் பெற்றுக்கொண்ட ஹம்ஃப்ரி குக், மாஹிம், சயான், தாராவி, வடாலா ஆகியவற்றையும் கைப்பற்றினார். 1668இல் அரசர் தீவை ஆண்டுக்கு 10 பவுண்டு குத்தகைக்குக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். இவ்வாறு ஆட்சி கைமாறக் கைமாற, எந்த நிலம் எவருடையது என்ற வழக்குகள் பெருகின.

ஆஞ்சியர் வாளை நாடவில்லை, பேரம் பேசினார். 1672இல் நிலவுடைமையாளர்களுடன் உடன்படிக்கை செய்தார். அவர்கள் ஆண்டுதோறும் கூட்டாக 20,000 ஷெராஃபின் செலுத்த வேண்டும். கம்பெனி அவர்களது உடைமையை ஏற்கும். அதே ஆண்டில் நீதிமன்றமும் நிறுவப்பட்டது. 1677இல் சூரத்தில் மறைந்த ஆஞ்சியரைப் பிற்கால வரலாற்றாசிரியர்கள் பம்பாயின் நிறுவனர் என்றே போற்றினர்.

அப்புகழ்ச்சியில் ஒரு வினா விடுபட்டுள்ளது. உடன்படிக்கை நிலமுடையோருடன் செய்யப்பட்டது. உழுதவரும், கழிமுகத்தில் வலை வீசிய கோலி மக்களும் அதில் எங்கே நின்றனர்? உரிமை என்பது உழைப்பாலும் குடியிருப்பாலும் அன்றி, அரசு ஏற்கும் உடைமையாலும் செலுத்தும் வரியாலும் நிலைபெறும் என்ற நெறி அங்கே வலுப்பெற்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியின் தோல் பதனிடும் தொழிலில் உழைத்த தமிழர்களின் வழித்தோன்றல்கள், மறுகுடியமர்வுக்காக இன்றும் பழைய சான்றுகளைத் தேடுகின்றனர். 2000ஆம் ஆண்டு சனவரி 1க்கு முன் குடியிருந்தமைக்கான ஆவணம் உள்ளவருக்கு இலவச வீடு. இல்லாதவர் நிலை வேறு. சட்டங்களும் ஆட்சிகளும் மாறிவிட்டன. சதுப்பைக் குடியிருப்பாக்கிய உழைப்பு மட்டும் இன்னும் உரிமைச் சான்றாகவில்லை. பம்பாயின் நில வரலாற்றை ஆளுநரின் அறையிலிருந்து மட்டுமன்றி, தாராவியின் சந்துகளிலிருந்தும் எழுத வேண்டிய தேவை இதுவே.