ஒரு பள்ளிக்கு வாய்த்த பெயர்

பள்ளியின் பெயர் வெறும் அடையாளமன்று. இளம் உள்ளங்கள் எவரை நோக்கி வளரவேண்டுமென்று பெரியோர் கருதினர் என்பதையும் அது காட்டும். அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகர வரலாறு இதற்கு நல்லதொரு சான்றாகும்.

அந்நகரத்துக் கறுப்பின மாணவர் 1927ஆம் ஆண்டுவரை வெள்ளை மாணவரோடு ஒரே உயர்நிலைப்பள்ளிகளில் பயின்று வந்தனர். இனப்பகை ஓங்கியிருந்த 1920களில் அவர்களைத் தனிப்பள்ளிக்கு ஒதுக்கக் கல்வி வாரியம் முடிவு செய்தது. கறுப்பின மக்கள் எதிர்த்தனர். எனினும் கட்டடம் எழுவதைத் தடுக்க இயலவில்லை.

அப்பள்ளிக்குத் தாமஸ் ஜெபர்சன் பெயரைச் சூட்ட வாரியம் எண்ணியது. மாந்தர் யாவரும் நிகரெனச் சாற்றிய 1776ஆம் ஆண்டு விடுதலை அறிக்கையை வரைந்தவர் அவர். தம் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தவரும் அவரே. அடிமைகளின் வழித்தோன்றல்கள் கற்கும் கூடத்துக்கு அடிமையுடையார் பெயரா? மக்கள் விண்ணப்பித்தனர், வாரியமும் இணங்கியது. கிறிஸ்பஸ் அட்டக்ஸ் என்னும் பெயர் நிலைத்தது.

யார் இந்த அட்டக்ஸ்? ஆப்பிரிக்க, அமெரிக்கப் பழங்குடி மரபுகள் கலந்த மாலுமி. அடிமைத்தளையினின்று தப்பியவர் என்று கருதப்படுபவர். 1770 மார்ச் 5ஆம் நாள் பாஸ்டன் நகரில் பிரித்தானியப் படையினர் சுட்டதில் ஐவர் மாண்டனர். அவருள் முதலில் வீழ்ந்தவர் இவரென்பது மரபு. விடுதலை அறிக்கை எழுதப்படுவதற்கு ஆறாண்டுகளுக்கு முன்பே சிந்திய குருதி அது!

பிற கல்விக்கூடங்கள் கதவடைத்தமையால், முதுகலைப் பட்டமும் முனைவர் பட்டமும் பெற்ற கறுப்பின அறிஞர் பலர் இங்கு ஆசிரியராயினர். ஒதுக்கி வைக்கும் நோக்குடன் எழுந்த பள்ளி, அவர்தம் உழைப்பால் ஓங்கிய கல்விக்கூடமாயிற்று. 1955இல் ஆஸ்கர் ராபர்ட்சன் இடம்பெற்ற அப்பள்ளியின் கூடைப்பந்துக் குழு மாநில வாகை சூடியது. ஆயினும் வெற்றியாளர் நகர நடுவே விழாக் காணும் வழக்கம் இவர்க்கு முழுமையாக வாய்க்கவில்லை. ஊர்வலம் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியிலிருந்த பூங்காவுக்குத் திருப்பப்பட்டது. மறுவாண்டு ஓர் ஆட்டத்திலும் தோலாது மீண்டும் வென்று அவர்கள் விடையிறுத்தனர்.

இன ஒதுக்கலை இண்டியானா மாநிலச் சட்டம் 1949இல் விலக்கியும், வெள்ளை மாணவர் இப்பள்ளியில் சேர்ந்தது 1971இல்தான். சட்டத்தின் விரைவும் சமுதாயத்தின் விரைவும் ஒன்றல்ல என்பதற்கு இதுவே சான்று.

பெயர் மாற்றம் அநீதியை நீக்கிவிடவில்லை. பிரிவினை தொடரத்தான் செய்தது. ஆனால் சுவரை எழுப்பியவர் வாரியத்தார். அச்சுவரில் எப்பெயர் பொறிக்கப்படவேண்டுமென்று வற்புறுத்தி வென்றவர்கள் அம்மக்கள். ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே! நாள்தோறும் நாம் கடந்து செல்லும் பெயர்ப்பலகைக்குப் பின்னும் ஒரு வரலாறு இருத்தல் கூடும். அதனைத் தேடிக் கற்பதும் கல்வியே.