குரோஷா இலையுதிர்கால இலைகள்

மேப்பிள், ஓக், பிர்ச் போன்ற குளிர்நாட்டு மரங்களின் பழுத்த இலை வடிவங்களைக் குரோஷா எனும் கொக்கியூசியால் நூலில் பின்னி வீட்டை அழகுபடுத்தும் கைவேலை இது. அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும் கனடாவிலும் பிரிட்டனிலும் செப்டம்பர் பிறந்ததும் இந்த இலைகள் வீட்டுக்குள் வரத் தொடங்கும். வாசற்கதவில் வளையமாக, ஜன்னலில் தோரணமாக, சாப்பாட்டு மேசையில் கோப்பைக்கு அடியில் வைக்கும் விரிப்பாக அவை இடம்பிடிக்கும். கனடாவில் அக்டோபர் இரண்டாம் திங்களன்றும் அமெரிக்காவில் நவம்பர் நான்காம் வியாழனன்றும் நன்றி தெரிவிக்கும் நாள் வருகிறது. அந்த விருந்து மேசைக்காகவே பலர் இவற்றைப் பின்னுகிறார்கள்.

அயர்லாந்தின் கொடை

'குரோஷே' என்ற பெயரில் பின்னல் குறிப்புகள் முதன்முதலாக அச்சேறியது 1823இல், நெதர்லாந்தின் 'பெனலோப்பே' இதழில் என்று அறியப்படுகிறது. ஆனால் இலையைத் தனியாகப் பின்னும் வழக்கம் செழித்தது அயர்லாந்தில். 1845இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கி நாடு பஞ்சத்தில் விழுந்தபோது, கையில் ஓர் ஊசியும் நூலும் இருந்தால் காசு பார்க்கலாம் என்ற நிலையைக் குரோஷா உருவாக்கியது. கார்க் நகரை அடுத்த பிளாக்ராக்கில் உர்சுலைன் கன்னியர் மடம் இதைக் கற்றுக்கொடுத்தது. மோனகன் மாவட்டத்தின் குளோனிஸ் ஊரில் பாதிரியாரின் மனைவி கசாண்ட்ரா ஹேண்ட் 1847இல் தொடங்கிய முயற்சி அந்த ஊரின் பெயரையே லேசு எனும் வலைப்பின்னல் துணியின் ஒரு வகைக்குக் கொடுத்தது. எலியனோர் ரியேகோ டி லா பிராஞ்சார்டியேர் எழுதிய புத்தகங்கள் வெனிஸ் நகரத்து ஊசி லேசின் தோற்றத்தைக் குரோஷாவில் கொண்டுவரும் வழியைப் பரப்பின.

வெனிஸ் லேசைத் தைக்க மிக நீண்ட காலம் பிடிக்கும். அயர்லாந்துப் பெண்களோ ரோஜா, திராட்சை இலை, மூவிலைக் குளோவர் ஆகியவற்றைத் தனித்தனியே பின்னிவைத்து, பிறகு மெல்லிய வலையால் ஒன்றாக இணைத்தார்கள். ஒருத்தி இலையும் இன்னொருத்தி பூவுமாக வேலையைப் பகிர்ந்துகொள்ள முடிந்தது. பசியின் நெருக்கடியில் பிறந்த அந்தத் தனி இலைதான், வலையிலிருந்து பிரிந்து, இன்று சுவரிலும் மேசையிலும் இருக்கிறது. இதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர் அந்த வரலாற்றையும் சேர்த்தே ஒதுக்கிவிடுகிறார்கள்.

இலை உருவாகும் விதம்

குரோஷாவில் வடிவத்தை வெட்டி எடுப்பதில்லை. கண்ணியின் உயரமே வடிவமாகிறது. பத்துப் பன்னிரண்டு சங்கிலிக் கண்ணிகள் இலையின் நடுநரம்பு. அதன் ஒரு பக்கமாகப் போகும்போது முதலில் குட்டையான சிங்கிள் கண்ணி, அடுத்து ஹாஃப் டபுள், டபுள், நடுவில் உயரமான ட்ரெபிள், மறுபடி இறங்கி வந்து சிங்கிள் என்று பின்னினால் இலையின் ஒரு பாதி வளைந்து வரும். நுனியைச் சுற்றித் திரும்பி, அதே சங்கிலியின் மறுபுறத்தில் மற்றப் பாதி. கடைசியில் நாலைந்து சங்கிலி போட்டு அதன்மேல் ஸ்லிப் ஸ்டிச்சாகத் திரும்பினால் காம்பு. இவை அமெரிக்கப் பெயர்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு: அமெரிக்கர் சிங்கிள் என்பதைப் பிரிட்டனில் டபுள் என்பார்கள். குறிப்பு எந்த நாட்டுடையது என்று பார்க்காமல் தொடங்கினால் இலை நீண்டோ குறுகியோ போகும்.

ரம்பப் பல் விளிம்புள்ள இலைக்கு அயர்லாந்து முறையே சிறந்தது. கண்ணியின் பின்புற நூலில் மட்டும் ஊசியை விட்டு, ஒவ்வொரு வரிசையையும் இரண்டு மூன்று கண்ணிகளுக்கு முன்பே நிறுத்தித் திருப்ப வேண்டும். விடுபட்ட கண்ணிகள் பற்களாகும்; பின்புற நூலில் பின்னியதால் எழும் வரிகள் கிளை நரம்புகளாகத் தெரியும். மேப்பிளுக்கு நடுவில் ஒரு வட்டம் போட்டு, அதன் விளிம்பிலிருந்து மடல் மடலாகச் சங்கிலி நீட்டித் திரும்ப வேண்டும். கூர்நுனிக்கு மூன்று சங்கிலியைச் சுருக்கிப் பூட்டும் பிக்கோ உதவும். ஓக்கின் மடல்களோ உருண்டவை. அங்கே பிக்கோ போட்டால் ஓக் ஓக்காக இராது.

கண்ணிகளைக் கூட்டும் வேகமும் முக்கியம். குறைவாகக் கூட்டினால் இலை கிண்ணமாகக் குவியும். மிகுந்தால் விளிம்பு அலையலையாக மடியும். கார்னெல் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் டைனா டைமினா 1997இல் இந்த மடிப்பைக் கொண்டே ஹைப்பர்பாலிக் எனப்படும் அதிபரவளையத் தளத்துக்குக் கையால் தொடக்கூடிய மாதிரி செய்தார். காய்ந்து சுருண்ட இலையைக் காட்ட விரும்புவோருக்கும் அதே உத்தி பயன்படும்.

நிறம்

பகல் குறுகும்போது இலையின் பச்சையம் சிதைகிறது. அதுவரை மறைந்திருந்த கரோட்டினாய்டுகள் மஞ்சளாகவும் ஆரஞ்சாகவும் வெளிப்படுகின்றன. சிவப்பு அப்படியன்று, இலையில் தேங்கும் சர்க்கரையிலிருந்து ஆந்தோசயனின் அந்தப் பருவத்தில் புதிதாக உருவாகிறது. ஓக்கின் பழுப்புக்கு டானின் காரணம். பல மேப்பிள் இலைகளில் நரம்பையொட்டிய பகுதி மட்டும் கடைசிவரை பச்சையாக நிற்கும். பலநிற நூலால் பின்னும்போது நிறம் நூலின் போக்கில் பட்டைகளாக மாறுகிறதே தவிர நரம்பைப் பின்தொடர்வதில்லை. அதனால் இரண்டு தனிநிற நூல்களை எடுத்து, நடுநரம்பைப் பச்சையிலும் ஓரத்தைச் சிவப்பிலும் பின்னுவது உண்மைக்கு நெருங்கியது. வேலை கூடும்தான், இலையைக் கூர்ந்து பார்த்தவரின் கை அங்கேதான் தெரியும்.

விறைப்பும் பராமரிப்பும்

தோரணத்துக்கு நடுத்தரத் தடிமனான நூலும் 5 மி.மீ. ஊசியும் பொருந்தும், நுண்ணிய இலைக்குப் பருத்தி நூலும் 1.5 மி.மீ. ஊசியும் வேண்டும். பின்னியதை நனைத்து, பலகையில் குண்டூசியால் ஒவ்வொரு முனையாக இழுத்துக் குத்திக் காயவிட்டால்தான் மடல்கள் விரியும். பருத்திக்குக் கஞ்சி போடலாம். அக்ரிலிக் நூல் நனைத்தால் மட்டும் படியாது. நீராவியை எட்டப் பிடித்துக் காட்ட வேண்டும், மிகுந்தால் துவண்டு பழைய நிலைக்குத் திரும்பாது. நிமிர்ந்து நிற்க வேண்டிய இலைக்கு மெல்லிய கம்பியை விளிம்பில் வைத்து அதன்மேலேயே பின்னுவதுண்டு. கம்பளி இலைகளை அந்துப்பூச்சி அரிக்கும் என்பதால் நன்கு உலர்த்தி, மூடிய பெட்டியில் வைக்க வேண்டும். விருந்து மேசையில் மெழுகுவர்த்தி ஏற்றும் வீடுகளில் அக்ரிலிக் இலைகளைச் சுடரிலிருந்து விலக்கியே வைக்க வேண்டும். தீப்பட்டால் அவை உருகி ஒட்டிக்கொள்ளும்.